பூட்டாத பூட்டு

வீட்டில் ஸ்டேக் சமைக்கச் சொல்லிக்கொடுக்கும் குறிப்புகளில் ஒரு வரி பெரும்பாலும் தவறாமல் வந்துவிடும். வார்ப்பிரும்புச் சட்டியைப் புகை கிளம்பும்வரை காயவைக்க வேண்டும். இறைச்சித் துண்டைப் போட்டதும் மேற்பரப்பு சட்டென்று இறுகும். அப்படி இறுகுவதால் உள்ளேயிருக்கும் சாறு வெளியே வர வழியில்லாமல் பூட்டப்பட்டுவிடும்.

சட்டியைக் காயவைக்கச் சொல்வது சரி. துண்டை முறுகவிடச் சொல்வதும் சரி. சொல்லும் காரணம் மட்டும் தவறு. அது தவறு என்று சோதித்துப் பார்த்துச் சொல்லி ஏறக்குறைய தொண்ணூறு வருஷம் ஆகிறது. இன்னும் அந்த வரி சாகவில்லை.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது பழகிய சங்கதி. பல வருஷங்களுக்கு முன்னால் யாரோ எழுதிய நிரல் ஒன்று இருக்கும். அதன் தலையில் ‘இந்த வரியை எடுக்காதீர்கள், இன்ன காரணத்துக்காக வைத்திருக்கிறது’ என்று ஒரு கமென்ட் இருக்கும். நிரல் ஒழுங்காக ஓடும். ஆனால் தோண்டிப் பார்த்தால் அந்தக் காரணம் எப்போதோ பொய்த்துப் போயிருக்கும், அல்லது முதலிலிருந்தே பொய்யாக இருக்கும். நிரல் ஓடுகிறது என்பதாலேயே கமென்ட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. ஸ்டேக்கின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். கமென்ட்டை எழுதியவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வேதியியலாளர்களில் ஒருவர் என்பதுதான் வித்தியாசம்.

முதலில், ஸ்டேக் என்றால் என்ன

மாட்டின் தசையை அதன் நாரோட்டத்துக்குக் குறுக்காக இரண்டு மூன்று சென்டிமீட்டர் தடிமனில் வெட்டிய துண்டுதான் ஸ்டேக். எல்லாப் பகுதியும் இதற்குத் தோதுப்படாது. நடப்பதற்கும் மேய்வதற்கும் ஓயாமல் உழைக்கும் கால், கழுத்துத் தசைகளில் கொலாஜன் எனும் இணைப்புத் திசு அதிகம். அது கரைந்து ஜெலட்டினாக மாற மணிக்கணக்கில் வேகவேண்டும். நம் குழம்புகள் செய்வது இந்த வேலையைத்தான். ஸ்டேக்குக்கு எடுப்பது முதுகுத்தண்டை ஒட்டிய, அதிகம் உழைக்காத தசையை. அங்கே கரைக்க வேண்டிய கொலாஜன் குறைவு. அதனால் நீண்ட நேரம் வேகவைப்பதில் லாபம் ஒன்றுமில்லை, நஷ்டம்தான்.

என்ன நஷ்டம்? இறைச்சியில் முக்கால் பங்கு தண்ணீர். அது தசைநார்ப் புரதங்களின் வலைக்குள் சிக்கி நிற்கிறது. ஐம்பது டிகிரி செல்சியஸ் வாக்கில் மயோசின் எனும் புரதம் இறுகத் தொடங்கும். அறுபதைத் தாண்டும்போது நார்க்கட்டுகளைச் சுற்றியுள்ள கொலாஜன் உறைகள் சுருங்கி, ஈரத்துணியைப் பிழிவதுபோல நாரைப் பிழியும். எழுபதைத் தாண்டினால் தோல் செருப்பு. ஆக, ஸ்டேக் சமைப்பவரின் முன்னால் ஒரு முரண்பாடு நிற்கிறது. உள்ளே ஐம்பத்தைந்தைத் தாண்டக்கூடாது, வெளியே நூற்றைம்பதையாவது தொடவேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு விரல்கடைத் தசை.

இந்த முரண்பாட்டைச் சமையல்காரர்கள் கைப்பழக்கத்தால் எப்போதோ சமாளித்துவிட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஸ்டேக்குக்கென்றே சங்கங்கள் இருந்தன. 1735இல் தொடங்கிய ஒரு சங்கத்தின் சின்னமே இறைச்சி வாட்டும் இரும்புக் கம்பித்தட்டு. கனல் மேல் அந்தத் தட்டை வைத்துச் சூடாக வாட்டித் தின்றார்கள். அது ஏன் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. நன்றாக இருந்தது, அவ்வளவுதான். பெரிய துண்டுகளுக்கோ வேறு முறை. வெண்ணெய் தடவிய காகிதத்தைச் சுற்றி, நெருப்பிலிருந்து தள்ளி வைத்து மெதுவாக வேகவிடுவார்கள். கடைசியில்தான் காகிதத்தை எடுத்துவிட்டு, கொஞ்சம் மாவைத் தூவி, நெருப்புக்கு நெருக்கமாக நகர்த்தி முறுகவிடுவார்கள். பூட்டுவதுதான் நோக்கம் என்றால் முதலிலேயே அல்லவா முறுகவைத்திருக்க வேண்டும்? அன்றைய அடுப்படியில் பூட்டு என்ற பேச்சே பெரிதாக இல்லை.

ஏட்டில் மட்டும் அந்த யோசனை பழையது. வாட்டும்போது வெளித்துளைகள் சுருங்கி ஈரம் உள்ளே அடைபடுகிறது என்ற பொருளில் அரிஸ்டாட்டில் தன் வானிலையியல் நூலிலேயே எழுதியிருக்கிறார். அது அடுப்படிக்கு வந்துசேர இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின.

கீசனிலிருந்து ஒரு தீர்ப்பு

யுஸ்டஸ் ஃபான் லீபிக் 1803இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவர். இருபத்தோரு வயதில் கீசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மாணவர்கள் ஆய்வகத்தில் நின்று கையால் செய்து வேதியியல் கற்கும் முறையை ஒரு கல்வித்திட்டமாக வளர்த்தெடுத்தவர். கரிமப் பொருள்களின் கார்பன் அளவைத் துல்லியமாகக் கணக்கிட ஐந்து குமிழ்கள் கொண்ட ஒரு கண்ணாடிக் கருவியை உருவாக்கினார். வேளாண் வேதியியல் பற்றி 1840இல் அவர் எழுதிய நூல் உரம் பற்றிய உலகின் எண்ணத்தையே மாற்றியது. அவருக்குப் பதின்மூன்று வயதானபோது, 1816இல், ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை முந்தைய ஆண்டு வெடித்ததன் விளைவு. பயிர் பொய்த்துப் பஞ்சம் வந்தது. வாழ்நாள் முழுக்க அவர் சோற்றைப் பற்றியே ஆராய்ந்ததில் வியப்பில்லை.

1847இல் இறைச்சியின் வேதியியல் பற்றிய அவரது நூல் வந்தது. அதே ஆண்டில் ஆங்கிலத்திலும் வந்தது. தசையில் உள்ள நீரில் கரையும் பொருள்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்ததில் இனோசினிக் அமிலம் என்ற புதிய பொருள் ஒன்றும் கிடைத்தது. இதற்கு முன்பே பிரெஞ்சு வேதியியலாளர் தெனார், இறைச்சியின் சுவைச் சாரம் என்று ஒன்றைப் பிரித்து அதற்கு ஓஸ்மசோம் என்று பெயரிட்டிருந்தார். பிரியா-சவரான் 1825இல் எழுதிய புகழ்பெற்ற சுவை நூலில் அதைக் கொண்டாடியிருக்கிறார். லீபிக் ஒருபடி மேலே போனார். சாற்றில் இருப்பது வெறும் சுவை அல்ல, இறைச்சியின் ஊட்டமே பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது என்றார். சாறு போன பிறகு மிஞ்சும் நார் கிட்டத்தட்ட சக்கை.

ஊட்டம் சாற்றில் என்றால் சாற்றைக் காப்பதுதான் சமையலின் முதல் கடமை. எப்படிக் காப்பது? கொதிக்கும் நீரில் இறைச்சியைப் போட வேண்டும். மேற்பரப்பிலிருந்து உள்நோக்கி ஆல்புமின் உறைந்து ஓர் ஓடுபோல ஆகும். வெளி நீர் உள்ளே போகாது, உள் சாறு வெளியே வராது. சில நிமிடம் கழித்துக் குளிர்ந்த நீர் ஊற்றிச் சூட்டை எழுபது டிகிரி வாக்குக்கு இறக்கி வேகவிட வேண்டும். சூப்பு வேண்டுமென்றால் தலைகீழ்: குளிர்ந்த நீரில் போட்டு மெதுவாகச் சூடேற்று, சாறெல்லாம் இறங்கட்டும்.

கவனிக்க, லீபிக் முதன்மையாகப் பேசியது வேகவைப்பதைப் பற்றி. ஆனால் யோசனையின் கவர்ச்சி அதை அங்கேயே நிற்க விடவில்லை. எழுதியவரின் புகழ் வேறு. இங்கிலாந்தின் எலைசா ஆக்டன் 1845இல் வெளியிட்டிருந்த தன் சமையல் நூலை, லீபிக்கின் கொள்கைகளைச் சேர்த்து 1855இல் திருத்தி வெளியிட்டார். அதைத் தலைப்புப் பக்கத்திலேயே அறிவித்தார். வேகவைத்தலுக்குச் சொன்னது வாட்டுவதற்கும் பொரிப்பதற்கும் பரவியது. 1903இல் எஸ்காஃபியே பிரெஞ்சுச் சமையலின் வேதநூல் போன்ற தன் கையேட்டை எழுதியபோது, முறுகிய மேற்பரப்பு ஒரு மார்புக்கவசம் போலச் சாற்றைக் காக்கிறது என்று விளக்கினார். மெதுவாக வேகவிட்டுக் கடைசியில் முறுகவைத்த பழைய பாட்டிமார் முறை பின்தங்கியதாயிற்று. முதலில் முறுகவை என்பது அறிவியலாயிற்று.

சக்கையும் சாறும்

இந்தத் தவறு தட்டோடு நின்றிருந்தால் இதை ஒரு சமையலறைக் கதையாகச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது ஒரு கண்டத்தைத் தொட்டது.

சாற்றில்தான் ஊட்டம் என்றால், சாற்றை மட்டும் வற்றவைத்துப் பசைபோல ஆக்கி ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் கொடுக்கலாமே? 1847 நூலிலேயே அந்தச் சாரத்துக்கான வழி இருந்தது. 1850களில் லீபிக் மியூனிக்குக்கு மாறியபின் அங்கே அவரும் மாக்ஸ் பெட்டன்கோஃபரும் அதை மருந்தாகச் செய்ய வழிசெய்தார்கள். சிக்கல் விலைதான். ஒரு கிலோ சாரத்துக்குச் சுமார் முப்பது கிலோ இறைச்சி வேண்டும். ஐரோப்பிய விலையில் அது கட்டாது.

அந்தக் காலத்தில் தென் அமெரிக்காவின் புல்வெளிகளில் நிலைமை நேரெதிர். தோலுக்கும் கொழுப்புக்குமாக மாடுகளைக் கொன்றார்கள். குளிர்பதன வசதி வராத காலம். இறைச்சியில் ஒரு பங்கு உப்புக்கண்டமாகும், மீதியை என்ன செய்வது? ஜார்ஜ் கிறிஸ்டியன் கீபெர்ட் என்ற பொறியாளர் லீபிக்கின் எழுத்தைப் படித்துவிட்டு 1862இல் மியூனிக்குக்கே வந்து அவரைப் பார்த்தார். உருகுவேயில் உருகுவே ஆற்றங்கரையிலுள்ள ஃப்ரே பென்டோஸ் ஊரில் தொழிற்சாலை எழுந்தது. 1865இல் லண்டனில் லீபிக் இறைச்சிச் சாரக் கம்பெனி பதிவானது. லீபிக் தன் பெயரையும் கையொப்பத்தையும் தந்தார். தரத்தைச் சோதிக்கும் பொறுப்பை ஏற்றார், அதற்கான பணமும் பெற்றார். அறிவியலாளரின் பெயரே வணிகப் பெயரான ஆரம்பகால உதாரணங்களில் இது ஒன்று. அந்தக் கம்பெனி வெளியிட்ட வண்ணப் பட அட்டைகளை ஐரோப்பாவில் தலைமுறை தலைமுறையாகச் சேகரித்தார்கள்.

கேள்விகளும் உடனே வந்தன. சாரத்தை மட்டும் தின்று உயிர் வாழ முடியாது என்று மருத்துவர்களும் உடலியலாளர்களும் காட்டினார்கள். காரணம் எளிது. இறைச்சியின் புரதத்தில் பெரும்பகுதி நாரில் இருக்கிறது. லீபிக் சக்கை என்று ஒதுக்கியது அதைத்தான். கொழுப்பையும் புரதத்தையும் நீக்கி வடிகட்டிய சாரத்தில் மிஞ்சுவது உப்புகளும் சிறு மூலக்கூறுகளும். போகப் போக லீபிக்கும் தன் கோரிக்கையைச் சுருக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. சாரம் உணவல்ல, உணவுக்குத் துணை என்ற இடத்துக்கு வந்தார்.

ஆக, பூட்டும் சாரமும் ஒரே வேரில் முளைத்தவை. ‘எல்லாம் சாற்றில்தான் இருக்கிறது’ என்ற அனுமானம் அந்த வேர். சாரத்தைப் பற்றிய தவறு இருபது ஆண்டுகளுக்குள் அடிபட்டது, ஏனென்றால் நோயாளியின் உடல் பொய் சொல்லாது. பூட்டைப் பற்றிய தவறு தப்பித்துக்கொண்டது, ஏனென்றால் முறுகிய ஸ்டேக் ருசியாகத்தான் இருந்தது.

ஃப்ரே பென்டோஸ் அதற்குள் தன் வழியில் வளர்ந்துவிட்டது. தகர டப்பாவில் அடைத்த மாட்டிறைச்சி, பிறகு ஆக்ஸோ, பிறகு குளிர்பதன இறைச்சி. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பதுங்குகுழியில் தின்றது அந்த ஊர் டப்பாவை. பல நாடுகளிலிருந்து வந்த தொழிலாளிகள் அங்கே உழைத்தார்கள். மாட்டின் ‘அம்மா’ என்ற குரலைத் தவிர எதுவும் வீணாவதில்லை என்பது அந்த ஆலையைப் பற்றிய வேடிக்கைப் பேச்சு. 1979இல் ஆலை மூடப்பட்டது. 2015இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு தவறான அனுமானத்தின் மேல் கட்டிய ஆலை சரியாக ஓடி, ஒரு ஊரையே வளர்த்து, நினைவுச்சின்னமாகவும் ஆகிவிட்டது.

சத்தமே சாட்சி

பூட்டு இல்லை என்பதைக் காட்ட ஆய்வகம் தேவையில்லை, ஒரு தராசு போதும். 1930களில் அமெரிக்காவின் மனையியல் ஆய்வாளர்கள் அதைச் செய்தார்கள். முதலில் முறுகவைத்த இறைச்சியையும் முறுகவைக்காமல் வேகவிட்டதையும் எடைபோட்டுப் பார்த்தார்கள். முறுகவைத்தது ஈரத்தைக் காக்கவில்லை. இழப்பு அதே அளவு, சமயங்களில் கொஞ்சம் அதிகம். மனையியல் என்பது பெண்களுக்கான சமையல் வகுப்பு என்று அலட்சியமாகப் பார்க்கப்பட்ட துறை. எஸ்காஃபியே போன்ற பெயர்களின் முன்னால் அந்த எடைக்கணக்கு எடுபடவில்லை.

தராசும் இல்லையா? காது போதும். ஸ்டேக்கைச் சட்டியில் போட்டதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வருகிறதல்லவா, அது என்ன? தண்ணீர் ஆவியாகும் சத்தம். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? துண்டிலிருந்துதான். மேற்பரப்பு பூட்டிக்கொண்டால் சத்தம் நிற்க வேண்டும். நிற்பதில்லை. கடைசிவரை ஸ்ஸ்ஸ்தான். தட்டில் எடுத்து வைத்த பிறகும் அடியில் சிவப்பாகக் கசிந்து நிற்கும். அது இரத்தம் அல்ல, மயோகுளோபின் எனும் தசைப்புரதம் கலந்த நீர். பூட்டியிருந்தால் அது ஏன் கசிகிறது?

1984இல் ஹெரால்ட் மெக்கீ தன் உணவு அறிவியல் நூலில் இந்த வாதங்களையெல்லாம் ஓரிடத்தில் வைத்து, லீபிக் வரை போய் வேரைக் காட்டினார். வானியல் படிக்கப்போய், பிறகு கீட்ஸ் கவிதைகள் பற்றி முனைவர் பட்டம் வாங்கியவர். சமையல் பள்ளிக்கும் வேதியியல் துறைக்கும் வெளியே நின்றதால்தான் இரண்டு பக்கமும் யாரும் கேட்காத கேள்வியை அவரால் கேட்க முடிந்தது என்று எனக்குத் தோன்றும்.

பழுப்பின் இரண்டு மனிதர்கள்

சரி, பூட்டு இல்லை. பின்னே எதற்குச் சட்டியைக் காயவைக்கிறோம்?

விடையின் முதல் பாதியைத் தந்தவர் லூயி கமீல் மயார். 1878இல் பிரான்சின் லொரைன் பகுதியில் பிறந்த மருத்துவர், வேதியியலாளர். அவருக்கு இறைச்சி வாட்டுவதில் அக்கறை இல்லை. உயிருடலில் அமினோ அமிலங்கள் எப்படிச் சேர்ந்து புரதமாகின்றன என்று தேடிக்கொண்டிருந்தார். சர்க்கரையையும் அமினோ அமிலத்தையும் நீரில் கலந்து சூடாக்கியபோது கரைசல் மஞ்சளாகி, பழுப்பாகி, வாயு வெளியேறியது. 1912இல் அதைப் பற்றிச் சிறிய அறிக்கை ஒன்று வெளியிட்டார். மண், உடல், நோய் எனப் பல இடங்களில் இந்த வினைக்கு வேலை இருக்கும் என்று அவர் ஊகித்தார். சமையலறையில் அது பெரிதாகக் கொண்டாடப்படுவதைப் பார்க்காமலே 1936இல் இறந்துபோனார்.

இரண்டாம் பாதி வருவதற்கு ஒரு போர் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் உலரவைத்த முட்டையும் காய்கறியும் கப்பல் கப்பலாகப் போயின. கிடங்கில் கிடந்தபடியே அவை பழுப்பேறின, சுவை கெட்டது. அடுப்பில் நாம் விரும்பும் அதே வினை, மூட்டைக்குள் மெதுவாக நடந்துகொண்டிருந்தது. அமெரிக்க வேளாண்துறைக்கு இது பெரிய தலைவலி. இல்லினாய் மாநிலம் பியோரியாவில் இருந்த அத்துறையின் ஆய்வகத்தில் 1941இல் சேர்ந்தவர் ஜான் ஹாட்ஜ். பெனிசிலினைப் பெருமளவில் தயாரிக்கும் வழியைக் கண்ட அதே ஆய்வகம்தான். ஹாட்ஜ் கான்சஸில் பிறந்த ஆப்பிரிக்க அமெரிக்கர். இனப்பிரிவினை சட்டமாகவே இருந்த நாட்டில் கறுப்பினத்தவர் ஒருவர் அரசு ஆய்வகத்தில் வேதியியலாளராக அமர்வது அன்று அபூர்வம்.

1953இல் ஹாட்ஜ் எழுதிய கட்டுரை, அதுவரை சிதறிக் கிடந்த நூற்றுக்கணக்கான சோதனைகளை ஒரே வரைபடத்தில் கோத்தது. சர்க்கரையும் அமினோ சேர்மமும் இணைந்து நீரை இழக்கும். பிறகு அமடோரி மாற்றம் எனும் உள்மாற்றம். அங்கிருந்து பாதை பல கிளைகளாகப் பிரியும். ஒரு கிளை நிறத்துக்கு, இன்னொன்று மணத்துக்கு. எங்கே அமிலத்தன்மை கூடினால் எந்தக் கிளை ஓங்கும், ஈரம் எவ்வளவு இருந்தால் வேகம் எப்படி மாறும் என்பதெல்லாம் அந்தச் சட்டகத்துக்குள் வந்தது. ரொட்டியின் மேல்தோல், காப்பிக்கொட்டை வறுபடும் மணம், ஸ்டேக்கின் மேல்முறுகல் எல்லாம் அதில் அடங்கும். உணவு வேதியியல் மாணவர்கள் இன்றும் வரைவது ஹாட்ஜ் போட்ட அந்தப் படத்தைத்தான். வினைக்குப் பெயர் மட்டும் மயார் வினை. மயாரிடமிருந்து அதைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் அது எப்படி நடக்கிறது என்று சொன்னவரின் பெயரைச் சமையல் காணொளிகளில் நான் கேட்டதே இல்லை.

அந்தப் படத்தில் மணத்துக்கான கிளையின் பெயர் ஸ்ட்ரெக்கர் சிதைவு. அடோல்ஃப் ஸ்ட்ரெக்கர் என்பவர் 1862இல் கண்ட வினை அது. யார் இந்த ஸ்ட்ரெக்கர்? 1840களில், இறைச்சி நூல் உருவான அதே காலத்தில், கீசனில் லீபிக்கின் தனி உதவியாளராக இருந்தவர். முறுகல் ஏன் மணக்கிறது என்பதற்கான சாவிகளில் ஒன்று லீபிக்கின் மேசைக்குப் பக்கத்திலேயே வளர்ந்திருக்கிறது. லீபிக் கண்டுபிடித்த இனோசினிக் அமிலத்துக்கும் இதே கதை. 1913இல் ஜப்பானில் கொடாமா, உலர்ந்த மீனின் ஆழ்ந்த ருசிக்குக் காரணம் அதன் உப்புதான் என்று காட்டினார். இன்று உமாமி என்கிறோம். ஊட்டத்தைத் தேடிப்போன லீபிக்கின் கையில் இருந்தது ருசி. அதை ஊட்டம் என்றே அவர் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

மயார் ஊகித்தபடியே இந்த வினை நம் உடலிலும் நடக்கிறது. இரத்தச் சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்வது இதன் முதல் படி. சர்க்கரை நோயாளிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் ‘ஹெச்பிஏ1சி’ சோதனை அளப்பது அதைத்தான். சட்டியில் சில நிமிடத்தில் நடப்பது, முப்பத்தேழு டிகிரியில் வாரக்கணக்கில் நடக்கிறது.

காரணம் மாறினால் கை மாறும்

‘ருசியாக வந்தால் போதாதா, காரணம் எதுவானால் என்ன?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் தப்பான காரணம் சும்மா இருப்பதில்லை. அது அடுத்தடுத்த முடிவுகளை எடுக்கவைக்கும்.

பூட்டு என்று நம்புகிறவர் துண்டைக் குத்தி வெப்பம் பார்க்கப் பயப்படுவார், துளைவழியே எல்லாம் கொட்டிவிடும் என்று. ஸ்டேக்கில் பூட்டிய பை எதுவும் இல்லை, நூலிழை போன்ற நார்கள்தான் லட்சக்கணக்கில். ஒரு வெப்பமானி ஊசி குத்துவதால் பெரிதாக எதுவும் போய்விடாது. மாறாக, உள்ளே எத்தனை டிகிரி என்று தெரியாமல் நாலு நிமிடம் கூடுதலாக விட்டால் போகும் சாறுதான் அதிகம். பூட்டு என்று நம்புகிறவர் ஒருமுறைதான் திருப்பவேண்டும் என்பார், ஓடு முழுதாக உருவாக வேண்டுமே. அரை நிமிடத்துக்கோ ஒரு நிமிடத்துக்கோ ஒருமுறை திருப்பிக்கொண்டே இருந்தால் இரு பக்கமும் சூடு சீராக ஏறும், ஓரம் காய்ந்துபோகாது, நேரமும் குறையும். மெக்கீ இதைப் பல வருஷமாகச் சொல்லிவருகிறார்.

காரணம் பழுப்பு வினைதான் என்று தெரிந்தால் முதல் எதிரி யாரென்று புரியும்: மேற்பரப்பின் ஈரம். ஒரு கிராம் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக முந்நூற்றுச் சொச்சம் ஜூல் போதும். அதே ஒரு கிராமை ஆவியாக்க 2,250 ஜூலுக்கு மேல் வேண்டும், ஏறக்குறைய ஏழு மடங்கு. ஈரம் இருக்கும்வரை மேற்பரப்பு நூறு டிகிரியைத் தாண்டாது. பழுப்பு வேகம் பிடிப்பதோ நூற்றுநாற்பது வாக்கில். ஈரத்துண்டைப் போட்டால் அது முதலில் அவியும், பிறகுதான் முறுகும், அதற்குள் உள்ளே வெந்து தொலைந்திருக்கும். காகிதத் துண்டால் ஒற்றியெடுப்பது சின்ன வேலையாகத் தெரியும், பாதி சமையல் அதுதான். உப்பைத் தடவுவதானால் முக்கால் மணி நேரம் முன்பே தடவலாம். உப்பு இழுத்த நீர் திரும்ப உள்ளே போக அந்த அவகாசம் வேண்டும். இல்லையென்றால் சட்டியில் போடும் கணத்தில் தூவலாம். இரண்டுக்கும் நடுவில் தூவினால் இழுத்த நீரெல்லாம் மேலேயே நிற்கும்.

வார்ப்பிரும்புச் சட்டி ஏன் என்பதும் இங்கே தெளியும். அது கனமானது, நிறையச் சூட்டைத் தேக்கி வைத்திருக்கும். குளிர்ந்த துண்டு விழுந்தாலும் மெல்லிய தகடுபோலத் தளர்ந்துவிடாது. தடிமனுக்கும் கணக்கு உண்டு. சூடு நடுவுக்குப் போக எடுக்கும் நேரம் தடிமனின் வர்க்கத்தை ஒட்டி ஏறும். இரண்டு மடங்கு தடிமன் என்றால் ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம். ஆகவே அவசரச் சாப்பாட்டுக்கு இரண்டரை சென்டிமீட்டர் துண்டுதான் தோது. நடுவில் ஐம்பது டிகிரி காட்டும்போது இறக்கிவிட்டால், வெளிச்சூடு உள்ளிறங்கி மேலும் சில டிகிரி ஏறிக்கொள்ளும். ஐந்து நிமிடம் ஆறவிட்டு வெட்டலாம். சட்டியடியில் ஒட்டிய பழுப்பு எல்லாம் மயார் வினையின் விளைச்சல். கொஞ்சம் தண்ணீரோ வைனோ ஊற்றிச் சுரண்டி, ஒரு துண்டு வெண்ணெய் போட்டால் குழம்பு தயார். லீபிக் ஆலை வைத்து எடுத்த சாரத்தின் வீட்டு வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம், விலை மட்டும் குறைவு.

இன்னும் தடிமனான துண்டுக்கு, தாழ்ந்த சூட்டில் முதலில் உள்ளே வேகவிட்டு, கடைசியில் மட்டும் சட்டியில் முறுகவைக்கும் முறை இப்போது பரவியிருக்கிறது. தலைகீழ் முறை என்று அதைப் புதுமையாகச் சொல்கிறார்கள். காகிதம் சுற்றி வேகவிட்டுக் கடைசியில் முறுகவைத்த பதினெட்டாம் நூற்றாண்டுச் சமையல்காரருக்கு இதில் தலைகீழாக எதுவும் தெரிந்திருக்காது.

லீபிக் போவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன் அதே மியூனிக்கில் இன்னொரு அறிவியலாளர் இருந்தார். ரம்ஃபோர்ட் பிரபு. அமெரிக்காவில் பிறந்து பவேரிய அரசுக்கு வேலை செய்தவர், பீரங்கி துளையிடும்போது எழும் சூட்டைக் கொண்டு வெப்பம் ஒரு பொருளல்ல, இயக்கம் என்று வாதிட்டவர். ஒருநாள் உருளைக்கிழங்கு உலர்த்தும் இயந்திரத்தில் ஆட்டிறைச்சி வேகுமா என்று பார்க்க வைத்தார். மூன்று மணி நேரமாகியும் வேகவில்லை. கைவிட்டுவிட்டார். எங்கே வைத்தால் என்ன என்று சமையல்காரப் பெண்கள் இரவு முழுக்க அதை இயந்திரத்திலேயே விட்டுவிட்டார்கள். காலையில் பார்த்தால் அது அவர் அதுவரை தின்றிராத பக்குவத்தில் வெந்திருந்தது. அதைத் தோல்வியென்று தூக்கி எறியாமல் எழுதிவைத்தார். தாழ்ந்த சூட்டில் நீண்ட நேரம் என்ற பாடம் அப்படியே அச்சில் இருந்தது.

லீபிக்கின் பூட்டோடு ஒப்பிட்டால் இதில் கொள்கை என்று பெரிதாக எதுவும் இல்லை, பார்த்ததைச் சொன்னது மட்டும்தான். ஒருவேளை அதனால்தான் அது பரவவில்லை. மனிதருக்கு ஒரு செய்முறையை ஞாபகம் வைக்க ஒரு கதை வேண்டியிருக்கிறது. ‘சாறு பூட்டப்படும்’ என்பது இரண்டே சொல்லில் ஒரு நல்ல கதை. ‘சர்க்கரையும் அமினோ அமிலமும் நீரிழந்து பல கிளைகளில் வினைபுரியும்’ என்பது கதை அல்ல. எடைபோட்டுப் பார்த்த மனையியல் ஆய்வாளர்களிடமும், பியோரியாவில் பன்னிரண்டு வருஷம் பழுப்பேறிய கரைசல்களோடு உட்கார்ந்திருந்த ஹாட்ஜிடமும் சரியான விடை இருந்தது, சொல்ல எளிதான கதை இல்லை. அந்த ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம் அவர்கள் பக்கம்தான் இத்தனை காலமும் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.